பீதுருதாலகலையின் நிழலில்: வணிகத் தொலைக்காட்சியின் முதல் ஆண்டுகளும் புசல்லாவையும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் புசல்லாவை ஒரு நீண்ட கடைத்தெரு. ஒரு பக்கம் கொத்மலைப் பள்ளத்தாக்கை நோக்கி நிலம் இறங்குகிறது. மறுபக்கம் தேயிலை ஏறுகிறது. இங்கிருந்து நேர்கோட்டில் அளந்தால் சுமார் 20 கிலோமீட்டரில் பீதுருதாலகலை நிற்கிறது. 2,524 மீட்டர் உயரம். இலங்கையில் அதற்கு மேல் நிலம் இல்லை. 1982 முதல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் பிரதான அலைபரப்பிக் கோபுரம் இருப்பது அந்த உச்சியில்தான்.

இருந்தும் புசல்லாவைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அந்தக் கோபுரத்தின் படம் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்திலும் ஒரே மாதிரி விழவில்லை. நடுவே றம்பொடை மலைகள் இருந்தன. உச்சியை நேரே பார்க்கும் சரிவில் உள்ள லயத்தில் படம் தெளிவாக இருக்கும். அதே தோட்டத்தில், குன்றுக்குப் பின்னால் இருக்கும் டிவிசனில் வெறும் இரைச்சல். விளக்கடியில் இருட்டு என்பார்கள். இங்கே அது பழமொழியாகவும் இருந்தது, இயற்பியலாகவும் இருந்தது.

வணிகத் தொலைக்காட்சிக்கு எங்குமே இரண்டு வரைபடங்கள் உண்டு. அலை எட்டும் இடங்களைக் காட்டுவது ஒன்று. காசு புரளும் இடங்களைக் காட்டுவது மற்றது. முதல் வரைபடம் பொறியியலாளரின் மேசையில் இருக்கும். இரண்டாவது விளம்பர முகவரின் மேசையில். நிகழ்ச்சி எந்த மொழியில், யாருக்காக, எத்தனை மணிக்கு என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது இரண்டாவதுதான். இலங்கையின் மலையகம் முதல் வரைபடத்தின் நடுவில் இருந்தது. இரண்டாவதில் அது ஓரத்தில்கூட இல்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

ஒன்பது டாலர் விளம்பரம்

வணிகத் தொலைக்காட்சியின் பிறந்தநாளைக் குறிப்பதென்றால் 1941 ஜூலை 1ஐச் சொல்லலாம். அன்று நியூயோர்க்கில் டபிள்யூ.என்.பி.டி. நிலையம் வணிக உரிமத்துடன் ஒளிபரப்பைத் தொடங்கியது. பேஸ்பால் ஆட்டம் ஒன்றுக்கு முன்னால் புலோவா கைக்கடிகாரத்தின் முகம் அமெரிக்க வரைபடத்தின் மேல் சில விநாடிகள் நின்றது. அதற்கு நிறுவனம் கொடுத்தது 9 டாலர். பார்த்திருக்கக்கூடிய பெட்டிகள் சில ஆயிரம்தான்.

போர் முடிந்ததும் அந்தத் தொழில் வேகம் பிடித்தது. என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி., டுமொண்ட் என்று நான்கு வலையமைப்புகள் போட்டியிட்டன. நான்காவது 1956இல் மூடப்பட்டது. அக்காலத்து நிகழ்ச்சிகளின் பெயர்களைப் பார்த்தாலே உரிமையாளர் யார் என்பது விளங்கிவிடும். எரிபொருள் நிறுவனத்தின் பெயரில் நகைச்சுவை நிகழ்ச்சி, பாலாடைக்கட்டி நிறுவனத்தின் பெயரில் நாடக அரங்கு, சிகரெட்டின் பெயரில் இரவுச் செய்தி. கெமல் சிகரெட்டின் பெயர் தாங்கிய அந்தச் செய்தியில் யாரும் சுருட்டுப் பிடிப்பதைக் காட்டக் கூடாது, சேர்ச்சிலுக்கு மட்டும் விலக்கு என்றொரு விதி இருந்ததாகத் தொலைக்காட்சி வரலாற்றில் சொல்வார்கள். நிகழ்ச்சியைத் தயாரித்தது நிலையமே ஆனாலும் கடைசிச் சொல் விளம்பரதாரருடையது.

பார்வையாளரை எண்ணும் வேலையும் உடனே தொடங்கியது. வானொலி நேயர்களை அளந்துகொண்டிருந்த நீல்சன் நிறுவனம் 1950இல் தொலைக்காட்சிக்கு வந்தது. ஆனால் வெறும் தலைக்கணக்கு விளம்பரதாரருக்குப் போதவில்லை. எந்தத் தலை என்று கேட்டார்கள். அதன் உச்சத்தை 1971இல் பார்க்கலாம். சி.பி.எஸ். வலையமைப்பு கிராமத்துக் கதைகளை வைத்து ஓடிய பல தொடர்களை ஒரேயடியாக நிறுத்தியது. பார்க்க ஆளில்லாமல் அவை நிற்கவில்லை. பார்த்தவர்கள் பெரும்பாலும் கிராமத்தவர்கள், வயதானவர்கள், புதிதாகப் பொருள் வாங்காதவர்கள் என்பதே காரணம். பார்வையாளராக இருப்பது ஒன்று, கணக்கில் வரும் பார்வையாளராக இருப்பது இன்னொன்று.

மலையின் தடையும் அங்கே இருந்தது. பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்ட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் ஊர். பிலடெல்பியா நிலையங்களின் அலை அதன் பள்ளத்தாக்கில் இறங்கவில்லை. 1948 முதல் 1952 வரை புதிய நிலையங்களுக்கு அரசு உரிமம் கொடுக்காததால் அருகில் ஒரு நிலையம் எழும் நம்பிக்கையும் இல்லை. 1950இல் றொபர்ட் டார்ல்டன் என்ற வானொலிப் பெட்டி விற்பனையாளர் சிலரைச் சேர்த்துக்கொண்டு மலைமேல் அன்டனா நட்டு, அங்கிருந்து வீடுகளுக்கு வடம் இழுத்து, மாதக் கட்டணம் வாங்கினார். இன்று நகரத்து அடுக்குமாடிகளில் ஓடும் கேபிள் தொலைக்காட்சி இப்படி மலையடிவாரத் தொழிலாளர் வீடுகளில் வளர்ந்ததுதான். லான்ஸ்ஃபோர்ட் சுரங்கத் தொழிலாளிக்குப் பெட்டி வாங்கக் காசு இருந்தது. அதனால் மலையைத் தாண்டி வடம் வந்தது. புசல்லாவைக்கு வருமுன் இந்த ஒப்பீட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சான் பிரான்சிஸ்கோ மேடை

அமெரிக்க வலையமைப்பு கரையிலிருந்து கரைக்கு முழுமையானது 1951 செப்டம்பர் 4ஆம் திகதி. நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணலைக் கோபுரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று படத்தை வாங்கிக் கைமாற்றின. முதலில் போன நிகழ்ச்சி ஜனாதிபதி ட்ரூமனின் உரை. யப்பானிய சமாதான உடன்படிக்கை மாநாட்டை அவர் சான் பிரான்சிஸ்கோவில் தொடக்கிவைத்தார்.

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 6ஆம் திகதி, அதே மாநாட்டில் இலங்கையின் நிதி அமைச்சர் பேசினார். பெயர் ஜே. ஆர். ஜயவர்தன. பகையைப் பகை தணிக்காது என்ற புத்தர் வாக்கை முன்வைத்து, யப்பானிடம் இலங்கை போர் நட்டஈடு கோராது என்று அறிவித்தார். யப்பானில் அந்த உரை இன்றும் நினைவுகூரப்படுகிறது.

தொலைக்காட்சி வரலாறும் இலங்கை வரலாறும் முதலில் ஒரே மேடையில் ஏறியது அங்கேதான். சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஜயவர்தன ஜனாதிபதியாக இருந்தபோது, கொழும்பில் தேசியத் தொலைக்காட்சி நிலையம் எழுந்தது யப்பானின் நன்கொடையால். இதற்கும் அந்த உரைக்கும் நேரடிக் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் இலங்கையில் பலரும் அந்த இரண்டையும் சேர்த்தே பேசுவது வழக்கம்.

முன்னால் போன வானொலி

தொலைக்காட்சியில் பின்தங்கி வந்த இலங்கை, வணிக ஒலிபரப்பில் தெற்காசியாவுக்கே முன்னோடி. 1950 செப்டம்பர் 30இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த அவுஸ்திரேலியரான கிளிபர்ட் டொட் அதைக் கட்டியெழுப்பினார். இந்திய வானொலி விளம்பரத்தை ஏற்காத காலம் அது. 1952இல் திரைப்பாடல்களையும் ஒதுக்கத் தொடங்கியது. அந்த வெற்றிடத்தில் கொழும்பு புகுந்தது. இந்திப் பாடல் வரிசையை அமீன் சயானி தொகுத்து வழங்க, வட இந்தியா முழுவதும் கொழும்பைக் கேட்டது. தமிழில் எஸ். பி. மயில்வாகனத்தின் விரைந்த நாவுக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் தனி இடம் இருந்தது.

இதில் வணிகக் கணக்கு ஒன்று உண்டு. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை தழைத்ததற்குப் பெரிய காரணம் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருந்த சந்தை. சவர்க்காரமும் பற்பசையும் விற்கப்பட்டது மதுரையிலும் திருச்சியிலும். அதே பாடல்களைத் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் கேட்டார்கள். ஆனால் அந்த விளம்பரங்கள் அவர்களை நோக்கி எழுதப்பட்டவை என்று சொல்வது கடினம். பக்கத்துப் பந்திக்குப் பரிமாறும் சாப்பாட்டின் வாசனை போல அது அவர்களுக்கு வந்தது. இந்தியாவில் விவித் பாரதி வானொலி விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது 1967இல், தூர்தர்ஷன் தொலைக்காட்சி 1976இல். அதன் பிறகு கொழும்பின் பிடி தளர்ந்தது.

53 நாள் சுயாதீனம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959இல் பரீட்சார்த்தமாக வந்தது, பாகிஸ்தானில் 1964இல். இலங்கையில் 1970களின் பெரும்பகுதி இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். அந்நாட்களில் தொலைக்காட்சிப் பெட்டி என்பது பேசக்கூட முடியாத ஆடம்பரம். 1977 ஆட்சி மாற்றத்துடன் பொருளாதாரம் திறக்கப்பட்டது. கசட் ரெக்கோர்டரும் மின்விசிறியும் தொலைக்காட்சிப் பெட்டியும் துறைமுகத்தில் இறங்கின. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது பெட்டி கொண்டுவந்தார்கள்.

1979 ஏப்ரல் 13. புத்தாண்டு வாசலில் சுயாதீன தொலைக்காட்சி வலையமைப்பு, சுருக்கமாக ஐ.டி.என்., கொழும்பை அடுத்த பன்னிப்பிட்டியவில் இருந்து ஒளிபரப்பத் தொடங்கியது. ஷான் விக்கிரமசிங்க, அனில் விஜேவர்தன ஆகியோர் முன்னின்ற தனியார் முயற்சி அது. கொழும்பும் அதன் சுற்றுப்புறமுமே அதன் எல்லை. பெயரில் வலையமைப்பு இருந்தது. நிலத்தில் இருந்தது ஒரு கோபுரம். ஆனால் விளம்பர வரைபடத்தில் அது சரியான இடத்தில் நின்றது. பெட்டி வாங்க வசதியுள்ளவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோபுரத்தின் கண்ணுக்குள் அடங்கினார்கள்.

அந்தப் பெயர் பிரிட்டனின் எதிரொலி. 1954இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, 1955 செப்டம்பர் 22இல் விளம்பரத் தொலைக்காட்சியைத் தொடங்கியபோது அதற்குச் சூட்டிய பெயரும் சுயாதீனத் தொலைக்காட்சிதான். அங்கே சுயாதீனம் என்றால் பி.பி.சி.யையும் உரிமக் கட்டணத்தையும் சாராதது என்று பொருள். இங்கே அந்தச் சொல்லுக்கு வேறொரு கதி வாய்த்தது. 1979 ஜூன் 5ஆம் திகதி அரசாங்கம் ஐ.டி.என்.ஐத் தன் வசம் எடுத்து அரச வணிக நிறுவனமாக்கியது. தனியார் கையில் அது இருந்தது 53 நாள். பெயரை யாரும் மாற்றவில்லை. 1992இல் அது அரசுக்குச் சொந்தமான கம்பனியானது. இன்றும் சுயாதீனம் என்றே அழைக்கப்படுகிறது.

இந்த 53 நாளைச் சிறு விபத்தாக ஒதுக்கிவிட முடியாது. அதன் பிறகு வந்த ஏறக்குறைய 13 ஆண்டுகளுக்கு இலங்கைத் தொலைக்காட்சி ஒரு கலப்பினம். உடைமை அரசுடையது, வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்துடையது. அரசின் பொறுமையின்மையும் விளம்பரதாரரின் பொறுமையின்மையும் ஒரே அறைக்குள் குடியிருந்தன. இரண்டுக்கும் அவசரமில்லாத பார்வையாளர் ஒருவர் இருந்தால், அவர் இரண்டு முறை மறக்கப்படுவார்.

ஒரு மலை போதும்

1982 பெப்ரவரி 15இல் இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் ஒளிபரப்பைத் தொடங்கியது. கொழும்பு சுதந்திர சதுக்கத்துக்கு அருகே கலையகம். பீதுருதாலகலை உச்சியில் பிரதான அலைபரப்பி. வடக்குக்கென வன்னியில் கொக்காவிலில் ஒரு கோபுரம்.

இங்கே புவியியல் இலங்கைக்கு அளித்த கொடையைப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சிக்குப் பயன்பட்ட வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ ஒளியைப் போல நடந்துகொள்ளும். நேராகப் போகும், மலையைச் சுற்றி அதிகம் வளையாது. அமெரிக்கா கண்டம் கடக்க நூற்றுக்கு மேற்பட்ட கோபுரங்களை வரிசையில் நட வேண்டியிருந்தது அதனால்தான். இலங்கையோ சிறிய தீவு. அதன் நடுவே 2,500 மீட்டர் எழுந்து நிற்கும் ஒரு சிகரம். அதில் ஏறி நின்றால் கீழே கரைவரை சமவெளி. அமெரிக்கா வடமும் நுண்ணலையும் கொண்டு கட்டிய வலையமைப்பின் வேலையில் பெரும்பகுதியை இங்கே ஒரே மலை செய்தது.

ஆனால் ஒரு சிகரத்திலிருந்து தொலைவிலுள்ள சமவெளியைப் பார்ப்பது எளிது. காலடியில் மடிந்து கிடக்கும் பள்ளத்தாக்குகளைப் பார்ப்பதுதான் கடினம். நீர்கொழும்பில் ஓட்டுக்கூரை மேல் ஒரு சாதாரண அன்டனா நட்டவருக்குக் கிடைத்த படம், பீதுருதாலகலையின் அயலிலிருந்த மடிப்பு ஒன்றில் கிடைக்காமல் போகலாம். மலைநாடு நாட்டுக்கே கோபுரத்தைச் சுமந்தது. தன் பள்ளங்களுக்கு நிழலை வைத்துக்கொண்டது.

புசல்லாவைக்கு இப்படி உலக வணிகத்தின் பாரத்தைச் சுமப்பது புதிதல்ல. ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் உறவினரான வோர்ம்ஸ் சகோதரர்கள் இங்கே கோப்பித் தோட்டம் போட்டு அதற்கு ரொத்சைல்ட் என்றே பெயரிட்டார்கள். 1841இல் மொறிஸ் வோர்ம்ஸ் சீனத்துத் தேயிலைக் கன்றுகளையும் அங்கே நட்டுப் பார்த்தார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வணிக அளவில் தேயிலை தொடங்கியதற்குக் கால் நூற்றாண்டு முந்திய முயற்சி அது. லண்டன் வங்கியின் பெயர் புசல்லாவைச் சரிவில் இன்றும் இருக்கிறது. கொழுந்து கிள்ளியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் செக்ரோல் பதிவேட்டோடு போய்விட்டன.

லயத்துக்குள் பெட்டி

தோட்டங்களில் பெட்டி வந்த வரிசை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் துரையின் பங்களா. பிறகு உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ். பிறகு டவுனில் ஒரு கடை. லயத்துக்கு அது வரப் பிந்தியது. காரணம் விலை மட்டுமன்று. தேயிலை ஸ்டோருக்கு மின்சாரம் இருக்கும். கூப்பிடு தூரத்தில் உள்ள லயத்துக் காம்பராவில் குப்பி லாம்பு எரியும். 1980களில் பெரும்பாலான லயங்களின் நிலை அதுதான்.

அதற்கு வழி கண்டது கார் பேட்டரி. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று. பேட்டரி இறங்கிவிட்டால் சாக்கில் கட்டி, பஸ்ஸிலோ தோட்டத்து லொறியிலோ ஏற்றி, டவுனில் சார்ஜ் போடும் கடையில் விட்டு, மறுநாள் தூக்கி வர வேண்டும். சனி, ஞாயிறு படத்துக்காக வாரம் முழுக்கச் சேமிக்கும் மின்சாரம் அது. செய்தி வாசிக்கும்போது பெட்டியை நிறுத்தி வைத்துப் படம் தொடங்கும்போது போடுவதுண்டு. விளம்பரம் வந்தால் நிறுத்துவதும் உண்டு. விளம்பரதாரர் காசு கொடுத்து வாங்கிய விநாடிகளை லயத்துக்காரர் பேட்டரிக் கணக்கில் வெட்டினார். எந்தப் பார்வையாளர் அளவீட்டு அறிக்கையிலும் இது ஏறியிருக்க வாய்ப்பில்லை.

அன்டனா தனிக் கலை. மீன்முள்ளைப் போல அலுமினியக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வடிவத்தை 1926இல் யப்பானில் யாகி, ஊடா என்ற இரு பொறியியலாளர்கள் உலகுக்குத் தந்தார்கள். நீண்ட மூங்கிலில் அதைக் கட்டித் தகரக் கூரை ஓரத்தில் நிறுத்துவார்கள். ஒருவர் வெளியே நின்று மூங்கிலைத் திருப்புவார். வாசலில் ஒருவர் நிற்பார். பெட்டிக்கு முன்னால் ஒருவர். உள்ளிருந்து சொல் வெளியே போகும்.

"தெரியுதா?"

"தெரியுது மாமா, ஆனா ரெண்டு ரெண்டா தெரியுது. இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்."

"இப்ப?"

"போச்சு!"

ரெண்டு ரெண்டாகத் தெரிந்ததற்கு மலைதான் காரணம். உச்சியிலிருந்து நேரே வரும் அலை ஒன்று. எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பிச் சற்றுத் தாமதித்து வரும் அலை இன்னொன்று. செய்தி வாசிப்பவரின் தோளருகே அவருடைய மங்கிய இரட்டையர் அமர்ந்திருப்பார். சில இடங்களில் கோபுரத்துக்கு நேராக அன்டனாவைப் பிடித்தால் படம் வராது. எதிர்மலையை நோக்கித் திருப்பினால் வரும். நேர்வழி அடைபட்ட ஊரில் எதிரொலியைப் பிடித்துப் படம் பார்த்தார்கள்.

கோவில் திருவிழாவில் இன்னொரு வழி இருந்தது. டவுனிலிருந்து பெட்டியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் வைத்து, பெரட்டுக் களத்தில் விடிய விடிய மூன்று தமிழ்ப் படம். அதற்கு எந்தக் கோபுரமும் வேண்டாம். எந்த விளம்பரதாரரின் தயவும் வேண்டாம். ஆளுக்கு இவ்வளவு என்று காசு பிரித்தார்கள். பார்வையாளரே நேரடியாகப் பணம் கொடுத்தபோது, நிகழ்ச்சி அவருடைய மொழியிலேயே வந்தது.

மூன்று மொழி, ஒரு திரை

ஒரே அலைவரிசையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் நேரத்தைப் பங்கிட வேண்டியிருந்தது. பெரும்பங்கு சிங்களத்துக்கு. தமிழுக்குச் செய்தி, சில வாராந்த நிகழ்ச்சிகள், எப்போதாவது ஒரு திரைப்படம். விளம்பரமும் அந்தப் பங்கீட்டையே பின்பற்றியது. அதிகம் பேர் பார்க்கும் நேரம் விலை கூடியது. விலை கூடிய நேரத்தில் பெரும்பான்மை மொழியே போனது.

இந்தக் கணக்கில் மலையகத் தமிழர் எங்கே நின்றார்கள் என்று பார்க்க அந்தக் காலத்து வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1981 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் நாட்டின் சனத்தொகையில் சுமார் 5.5 வீதம். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா போக வேண்டியவர்கள், ஐ.டி.என். தொடங்கியபோதும் ரூபவாஹினி தொடங்கியபோதும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமன்னார்க் கப்பல் நின்றது 1984இல். எஞ்சிய நாடற்றோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. பெண் தொழிலாளிக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைத்ததே 1984இல்தான். வாக்கும் இல்லை, வாங்கும் சக்தியும் குறைவு. அரசியல்வாதிக்கும் விளம்பரதாரருக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் படாமல் போக இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனாலும் பார்த்தார்கள். யப்பானிய என்.எச்.கே. தயாரித்த 'ஓஷின்' சிங்களக் குரலில் வந்தபோது இலங்கை முழுவதும் அதன் முன் உட்கார்ந்தது. வறுமையால் சிறு வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் ஒரு சிறுமியின் கதை அது. கொழும்பு வீடுகளுக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிப் பழகிய லயங்களில் அந்தக் கதைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்களம் பழகியதில் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் அடுத்த பங்கு இந்தப் பெட்டிக்கு உண்டு.

வடக்கின் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் உயரமான அன்டனா நட்டுக் கடலுக்கு அப்பாலிருந்த தூர்தர்ஷனைப் பிடித்தார்கள். கடலில் மலை இல்லை. அலைக்குத் தடையும் இல்லை. தமிழ்நாட்டோடு வேரும் உறவும் கடிதமும் கூடுதலாக இருந்த மலையகத் தமிழருக்கு, அந்தத் தமிழ்ப் படத்தைத் தடுத்தது அவர்கள் நின்றுகொண்டிருந்த மலையே. 1990 ஜூலையில் உள்நாட்டுப் போரில் கொக்காவில் கோபுரம் அழிந்தது. வடக்கில் ரூபவாஹினி மங்கியது. அது மீண்டும் எழுந்தது 2011இல். பீதுருதாலகலை உச்சியோ நீண்ட காலம் பொதுமக்கள் ஏற முடியாத பாதுகாப்பு வலயமாக இருந்தது. தொலைக்காட்சிக் கோபுரம் இராணுவ இலக்காகவும் இராணுவக் காவலிடமாகவும் மாறியதை இந்த இரண்டு உச்சிகளும் சொல்லும்.

திரும்பி வந்த தனியார்

1990களின் தொடக்கத்தில் அரசின் ஏகபோகம் தளர்ந்தது. 1992இல் மகாராஜா நிறுவனத்தின் எம்.டி.வி. வந்தது. 1993இல் டி.என்.எல். வந்தது. 1979இல் ஐ.டி.என்.ஐ இழந்த ஷான் விக்கிரமசிங்கதான் அதன் நிறுவனர். 53 நாளுக்குப் பிறகு 14 ஆண்டு காத்திருந்து அவர் திரும்பினார். 1998இல் மகாராஜா நிறுவனம் சிங்களத்துக்கு சிரசவையும் தமிழுக்கு சக்தியையும் தொடங்கியது. இலங்கையில் தொலைக்காட்சி பிறந்து 19 ஆண்டு கழித்துத்தான் தமிழுக்கென்று தனி அலைவரிசை ஒன்று. 2009இல் ஐ.டி.என்.னும் வசந்தம் என்ற தமிழ் அலைவரிசையைத் தொடங்கியது.

இதற்கு மொழியுரிமை ஒரு காரணம் என்றால், விளம்பரத்தின் கணக்கு மாறியது இன்னொரு காரணம். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்து மாதச் சம்பளம் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் மத்திய கிழக்கிலிருந்து அனுப்பினார்கள். லயங்களுக்கு மின்சாரம் படிப்படியாக வந்தது. சாஷேயில் அடைத்த ஷாம்பூவும் பால்மாவும் சவர்க்காரமும் விற்பவருக்குப் புசல்லாவை இப்போது வரைபடத்தில் தெரிந்தது. அரசு அவர்களைப் பிரஜையாக எண்ணிய காலமும் வணிகம் அவர்களை வாடிக்கையாளராக எண்ணிய காலமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தன. முந்தியது எது என்று பார்த்தால், பல வீடுகளில் அடையாள அட்டைக்கு முன்னால் ஷாம்பூப் பக்கெட் வந்திருக்கும்.

1993 ஏப்ரல் 14இல் சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. அதுவும் புத்தாண்டு நாளில்தான். செயற்கைக்கோள் வந்ததும் மலையின் நிழல் தீர்ந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில் நிற்கும் இந்தியச் செயற்கைக்கோளை, நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகையே தள்ளியிருக்கும் புசல்லாவையில் பிடிக்க வேண்டுமானால் டிஷ்ஷை ஏறக்குறைய தலைக்கு மேல் வானத்தை நோக்கி வைக்க வேண்டும். றம்பொடை மலை எவ்வளவு உயர்ந்தாலும் குறுக்கே வர முடியாது. நூறாண்டுக்கு மேற்பட்ட லயக் கூரைகளின் ஓரத்தில் வரிசையாக டிஷ் முளைத்தது.

இப்போது சென்னைத் தொடர் தெளிவாகத் தெரிகிறது. இரட்டை இல்லை, இரைச்சல் இல்லை. தொடருக்கு நடுவே தி. நகர்ப் பட்டுச் சேலையும் கோயம்புத்தூர் நகைக்கடையும் வருகின்றன. ஆடித் தள்ளுபடிக்கு அந்தக் குரல் அழைக்கிறது. புசல்லாவையிலிருந்து அந்தக் கடைக்குப் போக பஸ் இல்லை. 1950களில் கொழும்பு வானொலி மதுரைக்கு விற்ற பற்பசையை லயத்தில் இருந்தவர்கள் ஓரமாகக் கேட்டார்கள். இன்று சென்னை தன் நகரத்துக்கு விற்கும் தங்கத்தை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஓரமாகப் பார்க்கிறார்கள். அலை வந்த திசை தலைகீழானது; பந்தி மாறவில்லை.

சில லயங்களில் பழைய அன்டனா மூங்கில் இன்னும் நிற்கிறது. மீன்முள் உதிர்ந்துவிட்டது. அதற்கும் பக்கத்துக் காம்பராத் தூணுக்கும் இடையே கயிறு கட்டி உடுப்புக் காயப்போடுகிறார்கள். கட்டியவர் அதைக் கடைசியாகத் திருப்பிய திசையிலேயே அது நிற்கிறது, பீதுருதாலகலையைப் பார்க்காமல், எதிர்மலையைப் பார்த்தபடி.